திருகோணமலையில் போடிங் அறை: குறைந்த காசில் குடியேற ஒரு வழிகாட்டி

நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்குப் படிக்க வருகிற பிள்ளைகளில் பலருக்கு முதல் வருடம் விடுதி கிடைத்துவிடுகிறது. கட்டில், மேசை, அலுமாரி எல்லாம் அங்கேயே இருப்பதால் ஒரு பெட்டியோடு வந்தால் போதும். விடுதியை விட்டு வெளியே போகச் சொல்லும்போதுதான் ஓட்டம் தொடங்கும். போடிங் என்கிற வாடகை அறை கிடைத்தாலும் உள்ளே நாலு சுவரும் ஒரு பல்புமாகத்தான் இருக்கும். எதை வாங்குவது, எங்கே வாங்குவது, எவ்வளவு கொடுப்பது என்று நான் கேட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒழுங்காக எழுதி வைத்தவர் யாரும் இல்லை. வவுனியாவிலிருந்து வந்த எனக்குக் கடற்கரை ஊர் புதிது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வளாகப் பிள்ளைகளை நினைத்து எழுதினாலும், நகரத்துக்குள் உயர் தொழில்நுட்ப நிறுவனத்திலோ வேறிடத்திலோ படிக்கிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். உப்புக்காற்று, மாரி மழை, நுளம்பு. இந்த மூன்றையும் பார்த்துத்தான் இங்கே சாமான் வாங்க வேண்டும். ஊரிலேயே எல்லாவற்றையும் வாங்கி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் கடைசியில் செலவு கூட.

1. எந்த மாதத்தில் தேடுவது

நிலாவெளி, அலஸ்தோட்டம், உப்புவெளிப் பக்கம் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை சுற்றுலா சீசன். மாணவருக்கு மாதம் முழுவதும் கிடைக்கும் வாடகையை, கடற்கரைக்குக் கிட்ட இருக்கும் ஒரு வீட்டுக்காரர் வெளிநாட்டுக்காரரிடம் சில இரவுகளிலேயே எடுத்துவிடுவார். அதனால் அந்த மாதங்களில் அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை கூட. மாரியில் எடுத்த அறையை ஏப்ரலில் விடச் சொல்லும் வீடுகளும் உண்டு. பேசும் முதல் நாளே, "சீசனுக்கு எழும்பச் சொல்லுவீங்களா அன்ரி?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டிலைத் தூக்கிக்கொண்டு வீடு மாறுவது அதைவிடக் கரைச்சல்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை. அறை பார்க்க அதுதான் நல்ல காலம், ஏனென்றால் ஒழுக்கு தானாகத் தெரியும். வெயில் காலத்தில் பார்க்கிறீர்கள் என்றால் சீலிங்கில் மண்ணிற வளையங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பெயின்ட் ஒரு மூலையில் மட்டும் அடித்திருந்தால் அந்த மூலையைச் சந்தேகப்படுங்கள்.

2. அறைக்குள் போனதும் பார்க்க வேண்டியவை

ஒரு அளவு நாடா கொண்டு போங்கள். அறையின் நீளம், அகலம், கதவின் அகலம், யன்னலின் உயரம் நான்கையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் நின்றுகொண்டு "ஒரு ஆறடி இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொல்லி வாங்கினால், அந்த மேசை கதவுக்கு வெளியே நிற்கும்.

அடுத்தது கூரை. ஷீட் கூரை, சீலிங் இல்லை என்றால் மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் மத்தியானம் உள்ளே இருக்க முடியாது. வாடகை கொஞ்சம் கூட என்றாலும் ஓட்டுக் கூரையோ மேல்மாடி உள்ள வீட்டின் கீழ்த்தட்டோ நல்லது. அந்த வித்தியாசத்தை இல்லாவிட்டால் பேனுக்கும் கரண்டுக்கும் கொடுப்பீர்கள்.

தண்ணீரைக் கையில் எடுத்து வாயில் வைத்துப் பாருங்கள். கடற்கரையை ஒட்டிய கிணறுகளில் உவர்ப்பு இருக்கும். குளிக்க ஓகே, குடிக்கவும் சோறு சமைக்கவும் வேறு தண்ணீர் வாங்க வேண்டி வரும். அதையும் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

பிளக் பொயின்டைப் பார்ப்பதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் காசு கரைகிற இடம் அது. பழைய வீடுகளில் உருண்டை முள் 5 அம்பியர் பொயின்ட்தான் இருக்கும். இப்போது கடையில் வாங்கும் சாமான்கள் பெரும்பாலும் சதுர முள் 13 அம்பியர். இரண்டையும் இணைக்க 200, 300 ரூபாய்க்கு ஒரு மாற்றி வாங்கிச் சொருகுவார்கள். போன் சார்ஜருக்கும் லாப்டொப்புக்கும் அது பிரச்சினை இல்லை. ஆனால் 5 அம்பியர் பொயின்ட் தாங்குவது 230 வோல்ட்டுக்கு 1,150 வோட் அளவுதான். சாதாரண மின்கேத்தில் ஒன்று 1,500 வோட்டுக்கு மேல் இழுக்கும். மாற்றி மூலம் அதைப் போட்டால் பொயின்ட் சூடாகி, பிளாஸ்டிக் கருகி மணக்கத் தொடங்கும். அறையில் ஒரு 13 அம்பியர் பொயின்டாவது இருக்கிறதா, இல்லை என்றால் வீட்டுக்காரர் போட்டுத் தருவாரா என்று முற்பணம் கொடுக்கும் முன்னரே கேளுங்கள்.

3. கடதாசி வேலை

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சட்டப்படி நொத்தாரிசு முன் எழுத வேண்டும். ஐந்தாறு பேர் சேர்ந்து முழு வீடு எடுக்கிறீர்கள் என்றால் அப்படியே செய்யுங்கள். ஒரு அறைக்கு யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. அதற்காக வாய்ப் பேச்சோடு விட்டுவிடவும் வேண்டாம். ஒரு தாளில் வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, எப்போது திருப்பித் தருவது, கரண்ட் தண்ணீர்க் காசு எப்படி, எழும்புவதற்கு எத்தனை நாள் முன் சொல்ல வேண்டும் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். "சுவரில் ஆணி அடிக்கலாமா" என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். முற்பணத்தில் கழிப்பது அதிகம் ஆணி ஓட்டைக்குத்தான்.

வீட்டுக்காரர் அடையாள அட்டைப் பிரதி, மாணவர் அடையாள அட்டைப் பிரதி, சில இடங்களில் ஊர்க் கிராம அலுவலரின் சான்றிதழ் கேட்பார்கள். கிராம அலுவலர் சான்றிதழை ஊரில் இருந்து கிளம்பும் முன்னரே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக மட்டும் திரும்பப் போனால் பஸ் காசும் இரண்டு நாள் விரிவுரையும் போகும். மூலப் பிரதி எதையும் யாரிடமும் கொடுத்து வைக்க வேண்டாம். கொடுக்கும் பிரதியின் குறுக்கே "போடிங் பதிவுக்கு மட்டும்" என்று எழுதித் திகதி போடுங்கள்.

குடியேறும் அன்று, சாமான் உள்ளே வரும் முன், நாலு சுவர், தரை, யன்னல் கண்ணாடி, கதவுப் பூட்டு, மின்மானி எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். திகதி அதிலேயே இருக்கும்.

4. முதல் வாரம் எதுவும் வாங்க வேண்டாம்

வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டியது இவ்வளவுதான்: பாய், தலையணை, இரண்டு படுக்கை விரிப்பு, நுளம்பு வலை, வாளி, ஜொக், ரோச், ஒரு நல்ல ஆமைப்பூட்டு, எக்ஸ்டென்ஷன் கோட், பழைய சேலை இரண்டு, நைலோன் கயிறு. அம்மா கட்டித்தரும் மற்றவற்றைப் பிறகு எடுக்கிறேன் என்று சொல்லிச் சமாளியுங்கள்.

ஒரு வாரம் பாயில் படுங்கள். காலை வெயில் எந்த யன்னலால் வருகிறது, மழைச் சாரல் எதுவரை அடிக்கிறது, எந்த மூலையில் எறும்பு, இரவில் காற்று எங்கிருந்து என்று அந்த வாரத்தில் தெரிந்துவிடும். கட்டில் எங்கே, மேசை எங்கே என்று அதற்குப் பிறகு தீர்மானித்தால் போதும். ஒரே அறையில் இரண்டு மூன்று பேர் என்றால், ஆளாளுக்கு வாங்காமல் யார் எதைக் கொண்டு வருவது என்று பேசிக்கொள்வதற்கும் அந்த வாரம் வேண்டும். மூன்று பேர் இருக்கும் அறையில் மூன்று எலெக்ட்ரிக் அயன் இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

5. படுக்கை

காசில் முதல் இடம் இதற்குத்தான். ஒற்றை மெத்தை வழக்கமாக 6 அடிக்கு 3 அடி. வீட்டுக்காரர் தரும் பழைய கட்டில்களில் சில இரண்டரை அடிதான் அகலம் இருக்கும், அதனால் அளக்காமல் வாங்காதீர்கள். 3 இஞ்சி போம் மெத்தை தரத்தைப் பொறுத்து 8,000 முதல் 14,000 ரூபாய் வரை போகும். கையால் அமுக்கி விட்டதும் உடனே எழும்ப வேண்டும். குழி விழுந்து மெல்ல எழும்பினால் ஒரு வருடத்தில் தட்டையாகிவிடும்.

கட்டில் இல்லாமல் சீமெந்துத் தரையில் மெத்தையை நேராகப் போடுகிறவர்கள் கவனியுங்கள். மாரியில் தரை ஈரத்தை விடும், மேலே உங்கள் உடம்புச் சூடு. ஒரு மாதத்தில் மெத்தையின் அடியில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. கடைகளில் சாமான் இறக்கிய பிறகு மரப் பலகைத் தட்டுகளைக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள், சிலர் சும்மாவும் தருவார்கள். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆணி முனைகளைத் தட்டி மடக்கி, உப்புத்தாள் போட்டு உரசினால் கட்டில் தயார். அதன் மேல் ஒரு பன் பாய், அதற்கு மேல் மெத்தை. மழை நாட்களில் காலையில் மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போங்கள். புது மெத்தை வரும் பொலித்தீன் உறையைக் கழற்றிவிட வேண்டும். அழுக்காகாது என்று அதோடேயே படுக்கிறவர்கள் வேர்வையில்தான் கிடக்கிறார்கள்.

பழைய மெத்தை வாங்குவதைப் பற்றி: வாங்க வேண்டாம். சீசன் முடிய விருந்தினர் விடுதிகள் பழைய மெத்தைகளைக் கழிப்பதுண்டு, விலையும் ஆசை காட்டும். தையல் ஓரத்தை விரலால் விரித்துப் பாருங்கள். மிளகு தூவியதுபோல் கறுப்புப் பொட்டுகள் இருந்தால் அது மூட்டைப்பூச்சி. ஒரு அறைக்குள் வந்தால் முழுப் போடிங்குக்கும் பரவும். பழைய கட்டில், மேசை, கதிரை தாராளமாக வாங்கலாம், மெத்தையும் தலையணையும் மட்டும் புதிதாக.

6. நுளம்பு வலையும் பேனும்

சதுர வலைக்கு நாலு மூலையிலும் கட்ட இடம் வேண்டும். குடை வலைக்கு மேலே ஒரு கொக்கி போதும், ஆனால் சீலிங் பேன் உள்ள அறையில் அது சரிவராது. ஆணி அடிக்க விடாத வீட்டில் நான் கண்ட நல்ல வழி இது: கட்டில் கால்களோடு நாலு மூங்கில் கம்பை நைலோன் கயிற்றால் மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, மேல் நுனியில் வலையைக் கட்டுவது. கட்டிலை எங்கே இழுத்தாலும் வலையும் கூடவே வரும். ஒரு சதுர வலை 1,500 முதல் 3,000 ரூபாய் வரை.

பேன் புதிது என்றால் ஸ்டாண்ட் பேன் 10,000 ரூபாய்க்குக் கீழே கிடைப்பது கஷ்டம். படிப்பு முடித்துப் போகும் சீனியர்களிடம் பாதிக்குக் கிடைக்கும். வாங்கும்போது மூன்று வேகத்திலும் ஓடவிட்டு, பின்பக்க மோட்டரைத் தொட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் கை வைக்க முடியாத சூடு என்றால் விட்டுவிடுங்கள். கடற்காற்றில் முன் வலைக்கம்பி கறள் பிடிக்கும். தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டைத் துணியில் விட்டு மாதத்தில் ஒரு தடவை துடைத்தால் பல காலம் வரும்.

7. மேசை, கதிரை, உடுப்பு வைக்க

இரும்பு அலுமாரி வாங்க வேண்டாம். நகரத்துக்குள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், நிலாவெளிப் பக்கம் அடிக்கால் முதலில் கறள் பிடித்து, பிறகு கதவு இழுபடும். அமுக்கின பலகையில் செய்த மலிவு மேசை அலுமாரிகளும் இங்கே சரிவராது. மாரியில் கீழ் விளிம்பு ஊறி உப்பிவிடும், ஸ்குரூ பிடிக்காது. பிளாஸ்டிக், இல்லாவிட்டால் உண்மையான மரம். நடுவில் உள்ளவை எல்லாம் காசுக்குக் கேடு.

படிக்கிற மேசைக்கு இரண்டரை அடி உயரம், இரண்டு அடி அகலம் போதும். பழைய மேசை ஒன்றை வாங்கி ஆட்டம் இருந்தால் தச்சுப் பட்டறையில் கொடுத்து இறுக்கிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் கதிரை 2,000 முதல் 3,500 ரூபாய். கைப்பிடி உள்ளதை வாங்குங்கள், பின்னுக்குச் சாயும்போது கால் விரியாததா என்று கடையிலேயே உட்கார்ந்து பாருங்கள்.

புத்தகத்துக்கு மரக்கறிக் கடைகளில் பயன்படுத்தும் பிளாஸ்டிக் கூடைகள் அருமையானவை. பழையதை வாங்கி, நன்றாகக் கழுவி, பக்கவாட்டில் அடுக்கி, ஒன்றோடொன்று கேபிள் டை போட்டுக் கட்டினால் அலமாரி. காற்றுப் போவதால் புத்தகத்தில் பூஞ்சணம் குறைவு. எதையும் சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடம் விடுங்கள். உடுப்புக்கு ஒரு கொடிக்கயிறும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும் போதும்.

8. வாங்கும் இடமும் ஏற்றும் வழியும்

முதலில் சீனியர்கள். கடைசி வருடத்தவர்கள் பரீட்சை முடிந்து கிளம்பும் வாரத்தில் கட்டில், பேன், வாளி எல்லாம் வந்த விலைக்குப் போகும். ஒரு மாதம் முன்பே, "அக்கா, நீங்க போகேக்க அந்த மேசையை எனக்குத் தாங்கோ" என்று சொல்லி வையுங்கள். அதற்கு அடுத்தது இக்மன் விளம்பரத் தளமும் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸும். பார்க்காமல் முற்பணம் அனுப்பச் சொல்லுகிறவர்களுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். புதிது என்றால் நகரத்தில் பிரதான வீதி, மத்திய வீதி, என்.சி. வீதிப் பக்கம் ஒரு சுற்று நடந்து, நாலு கடையில் விலை கேட்டு, ஐந்தாவதில் வாங்குங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா நேரத்தில் பல கடைகள் பூட்டியிருக்கும், ஞாயிறும் அப்படித்தான்.

தவணைக்குத் தருகிறோம் என்பார்கள். அடையாள அட்டை, வதிவிட ஆதாரம், பிணையாளர் என்று கேட்டு, கடைசியில் ரொக்க விலையைவிட நிறையக் கூடக் கட்டுவீர்கள். மகாபொல புலமைப்பரிசில் 2025 இல் மாதம் 7,500 ரூபாயாகக் கூட்டப்பட்டது உண்மைதான். ஆனால் அது ஒழுங்காக மாதாமாதம் கைக்கு வரும் என்று நம்பித் தவணை போட்டால் முழி பிதுங்கும்.

ஏற்றுவதுதான் சிலவேளை சாமானைவிட விலை கூட. மெத்தையைச் சுருட்டி இறுக்கிக் கட்டினால் குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏற்றலாம். பாடசாலை, அலுவலக நேரத்தில் கொண்டக்டர் திட்டுவார், பத்து மணிக்குப் பிறகு போங்கள். கட்டில், மேசை என்றால் பட்டா எனப்படும் சின்ன லொறி ஒன்றைப் பிடியுங்கள். ஒரே போடிங்கில் இரண்டு மூன்று பேர் ஒரே நாளில் வாங்கினால் காசு பிரியும். கூலி பேசும்போது ஏற்றி இறக்குவதும் சேர்த்தா என்று கேளுங்கள். கேட்காவிட்டால் வாசலில் இறக்கிவிட்டு, மாடிக்குத் தூக்க வேறு காசு என்பார்கள்.

9. கரண்ட் சண்டை

வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே வசனம்தான் சொல்வார்கள்: "பிள்ளை, கேத்தில் மட்டும் வேண்டாம், பில் கூடுது." கணக்கைப் பாருங்கள். 60 வோட் பேன் இரவில் பத்து மணித்தியாலம் ஓடினால் 0.6 யூனிட், மாதம் 18 யூனிட். 1,500 வோட் கேத்தில் நாளுக்குப் பத்து நிமிடம் என்றால் 0.25 யூனிட், மாதம் ஏழரை. அயன் கால் மணித்தியாலமும் ஏறத்தாழ அதே அளவு. 9 வோட் எல்ஈடி பல்ப் ஆறு மணித்தியாலம் எரிந்தால் மாதம் இரண்டு யூனிட்டும் வராது. பில்லைக் கூட்டுவது பேன்தான். கேத்திலில் பயப்பட வேண்டியது வயரைப் பற்றி, அதை மேலே சொன்னேன்.

ஆனாலும் அன்ரி கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. வீட்டு மின்கட்டணம் படி படியாக ஏறுவது. வீட்டின் மொத்தப் பாவனை 60, 90, 120 யூனிட் என்று தாண்டத் தாண்ட யூனிட் விலையும் நிலையான கட்டணமும் கூடும். நாலு மாணவர்கள் வந்ததும் அந்த வீடு மேல் படிக்குப் போய்விடும். அதனால் தலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுவதைவிட, அறைக்கு ஒரு சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு எவ்வளவு என்று பேசுவதே இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

சமையல் அனுமதி உள்ள வீடு என்றால் சிறிய ரைஸ் குக்கர் 400 வோட் அளவுதான், பயமில்லை. காஸ் என்றால் 5 கிலோ சிலிண்டர். 2.3 கிலோ தூக்க வசதி, ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டி வரும். படுக்கும் அறைக்குள் சிலிண்டர் வைக்கவே கூடாது.

10. இப்போது அலங்காரம்

இது கடைசியில் வருவது காரணத்தோடுதான். மேலே உள்ளவை முடிந்து கையில் 3,000 ரூபாய் மிச்சம் இருந்தாலே அறை வடிவாகிவிடும்.

முதலில் யன்னல். கடையில் விற்கும் ஸ்பிரிங் கம்பியும் கொக்கியும் மழைக்குக் கறள் பிடித்து, அந்தக் கறள் துணியில் இறங்கும். அரை இஞ்சி பிவிசி பைப் ஒன்றை யன்னல் அகலத்துக்கு வெட்டி, உள்ளே நைலோன் கயிற்றைக் கோத்து, இரு பக்கமும் யன்னல் கம்பியில் கட்டுங்கள். ஆணி தேவையில்லை, கறள் இல்லை, திரை வழுக்கிக்கொண்டு போகும். திரைக்கு அம்மாவின் பழைய வொயில் சேலை. ஒரு சேலையைக் குறுக்கே வெட்டினால் சாதாரண அளவு யன்னல் இரண்டுக்குப் போதும். மேல் விளிம்பைப் பைப் நுழையும் அளவுக்கு மடித்துத் தைக்க, தையல்காரர் சிறிய காசுதான் எடுப்பார். கடும் நிறச் சேலை வேண்டாம், மேற்கு வெயிலுக்கு வெளுத்துத் திட்டுத் திட்டாகும்.

சுவர். போடிங் வீடுகளில் அடித்திருப்பது பெரும்பாலும் மலிவு டிஸ்டெம்பர். இரட்டைப் பக்க டேப்பை இழுத்தால் பெயின்டோடு சேர்ந்து வரும், முற்பணமும் கூடவே போகும். ஈரப்பதத்துக்கு எந்த டேப்பும் நிற்பதும் இல்லை, நடுச்சாமத்தில் படம் முகத்தில் விழும். யன்னல் கம்பியிலிருந்து கதவு நிலையில் ஏற்கெனவே இருக்கும் ஆணிக்கு ஒரு கயிறு இழுத்து, உடுப்புக் கிளிப்பில் படங்களையும் நேர அட்டவணையையும் தொங்கவிடுங்கள். பெரிய வெறும் சுவர் கண்ணை உறுத்தினால் ஒரு கைத்தறிச் சாரத்தையோ படுக்கை விரிப்பையோ அதே கயிற்றில் விரித்துவிடலாம். ஒரு நிறத்தைத் தெரிந்து அதையே வாளி, விரிப்பு, திரை எல்லாவற்றுக்கும் எடுங்கள். மலிவுச் சாமான்தான், ஆனால் பார்க்க ஒழுங்காக இருக்கும்.

வெளிச்சம். நடுவில் வெள்ளை வெளேரென்று எரியும் பல்பை மாற்றி மஞ்சள் வெளிச்ச எல்ஈடி ஒன்றைப் போடுங்கள், 400 ரூபாய் அளவில் அறையே வேறு மாதிரி. மேசைக்குத் தனியாக வெள்ளை விளக்கு.

செடி வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். போத்தலில் மணிபிளான்ட் வைத்தால் வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீரை முழுதாக ஊற்றிவிட்டுப் போத்தலின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மறந்தால் அது டெங்கு நுளம்புப் பண்ணை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வந்து பார்த்தால் வீட்டுக்காரருக்கு வழக்கு. மண் போட்ட சாடியே நல்லது. நகரத்துக்குள் கோட்டைப் பக்கம் போடிங் என்றால் செடியை வாசலில் வைக்காதீர்கள், மான்கள் வந்து தண்டு வரை தின்றுவிட்டுப் போகும். துரத்தினாலும் நிதானமாக மென்றுகொண்டுதான் பார்க்கும்.

கடற்கரையில் பொறுக்கும் சிப்பி, சோகி சில அழகுதான், நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் நாறும். பவளத் துண்டுகளை மட்டும் தொடாதீர்கள். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலைத் தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அங்கிருந்து எதையும் எடுத்து வர முடியாது, பவளம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. மேசையில் அதை வைத்துப் படம் எடுத்து இன்ஸ்டகிராமில் போடுவது தானே போய் மாட்டுவதுதான்.

சாமிப் படம், வேதாகமம், தொழுகை விரிப்பு எல்லாம் ஒரே அறைக்குள் இருக்கும் ஊர் இது. யாருக்கு எந்த மூலை என்று முதல் வாரமே பேசிவிடுங்கள். விளக்கும் ஊதுபத்தியும் வலைக்குக் கிட்ட வேண்டாம், நைலோன் வலை பிடித்தால் ஒரு நொடிதான்.

11. மொத்தத்தில் எவ்வளவு

தனியாக, எல்லாம் புதிதாக என்றால் மெத்தை, வலை, பேன், மேசை, கதிரை, வாளி வகையறா, திரை, விளக்கு சேர்த்து 45,000 ரூபாயைத் தொடும். மெத்தையும் வலையும் மட்டும் புதிது, மற்றவை சீனியரிடம் என்றால் 25,000 க்குள் முடிக்கலாம். இரண்டு பேர் பேனையும் மேசையையும் பகிர்ந்தால் இன்னும் குறையும். பகிர்ந்து வாங்கும் சாமானுக்கு யார் எவ்வளவு போட்டது, பிரியும்போது யாருக்கு என்று அன்றே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். கையில் காசு குறைவாக இருந்தால் வாங்கும் வரிசை இது: வலை (வீட்டிலிருந்து கொண்டுவராவிட்டால்), மெத்தை, பேன், மேசை கதிரை, பிறகு மற்றவை. முற்பணத்துக்கும் முதல் மாத வாடகைக்கும் வேறாக வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போடுங்கள். விலைகள் நான் எழுதும்போது உள்ளவை, ரூபாயின் போக்கைப் பொறுத்து மாறும்.

பேன், குக்கர் போன்றவற்றின் பில்லும் உத்தரவாத அட்டையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள். பில் மை இங்கத்தைய ஈரத்தில் சில மாதங்களில் மறைந்துவிடும், அதனால் வாங்கிய அன்றே படம் எடுங்கள்.

12. எழும்பும்போது

நாலு கிழமைக்கு முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், அதே நாள் ஜூனியர்களின் குழுவில் சாமான்களின் படத்தையும் விலையையும் போடுங்கள். கடைசி வாரத்தில் போட்டால் சும்மா கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். சுவரில் ஆணி ஓட்டை இருந்தால் கொஞ்சம் வோல் பில்லரும் உப்புத்தாளும் போதும். காய்ந்த பிறகு வீட்டுக்காரரிடம் மிச்சப் பெயின்ட் கேட்டுத் தொட்டுவிடுங்கள். குடியேறிய அன்று எடுத்த படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரோடு அறையை ஒரு சுற்றுப் பாருங்கள். மின்மானியின் கடைசி இலக்கத்தைப் படம் எடுத்து, கரண்ட் காசைத் தீர்த்து, சாவியைக் கொடுக்கும் அதே நேரத்தில் முற்பணத்தைக் கையில் வாங்குங்கள். "பாங்கில் போட்டுவிடுறேன் தம்பி" என்றால் பஸ் ஏறும் முன் போடச் சொல்லுங்கள்.